பதுளைத் தொகுதியின் இரண்டாம் ஆசனம்

வாக்கு என்னும் சொல்லுக்கு நம் மொழியில் இரண்டு பொருள் உண்டு. வாயினின்று பிறக்கும் சொல்லும் வாக்கு. தேர்தல் நாளில் பெட்டியில் இடப்படும் சீட்டும் வாக்கு. இரண்டுக்கும் ஒரே பெயர் அமைந்தது மிகவும் பொருத்தம். வாக்குரிமை இழந்தவன் பேச்சிழந்தவனாகின்றான் என்னும் உண்மை அச்சொல்லிலேயே அடங்கிக் கிடக்கின்றது. அவ்வுண்மையை ஏட்டிற் படித்தறியாமல் வாழ்ந்தே அறிந்த மக்கள் இந்நாட்டில் உளர். ஊவா மலைச் சாரலில் தேயிலை நட்டு, அத்தேயிலையோடு தாமும் வேரூன்றிய தமிழ் மக்களே அவர்.

தேர்தலின் தொன்மையைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நம் மாணவர் உடனே உத்தரமேரூரை நினைப்பர். பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், ஓலையிற் பெயரெழுதிக் குடத்திலிட்டு எடுத்த முறையை அவ்வூர்க் கல்வெட்டு விரித்துரைக்கின்றது. பெருமைக்குரிய செய்திதான். ஆயினும், அதே கல்வெட்டுக் கூறும் மற்றொரு செய்தியை நாம் மேடைகளில் எடுத்துரைப்பதில்லை. வரி செலுத்தும் சொந்த நிலமும், சொந்த மனையிற் கட்டிய வீடும் உடையவன் பெயரே குடத்துள் இடப்படும் என்பது அங்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகளுள் ஒன்று. நிலமும் மனையும் இல்லாத உழைப்பாளிக்கு அக்குடத்தில் ஓலை இல்லை. லயத்துக் காம்பராவிற் பிறந்து, லயத்துக் காம்பராவிலேயே கண் மூடிய நம் தோட்டத்து மனிதன் அன்று உத்தரமேரூரில் இருந்திருப்பினும், வெளியே நின்றுதான் குடத்தைப் பார்த்திருப்பான். ஆதலின் பழம்பெருமையைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, நம் ஊரிலேயே நிகழ்ந்த ஒரு தேர்தல் வரலாற்றை நோக்குவோம். பழைய பதுளைத் தொகுதியின் வரலாறு அது. சிறு வரலாறுதான், ஆயினும் இன்று தேர்தல் முறையை மாற்றுவது குறித்துப் பேசுவோர் யாவரும் கற்க வேண்டிய பாடம் ஒன்று அதில் உண்டு.

இரு வாக்கு, இரு பிரதிநிதி

1931ஆம் ஆண்டு டொனமூர் அரசியல் திட்டத்தின்கீழ் இலங்கைக்குச் சர்வசன வாக்குரிமை வந்தது. இங்கிலாந்தில் ஆடவரும் பெண்டிரும் ஒத்த வாக்குரிமை பெற்று மூன்றாண்டே கழிந்திருந்த காலம் அது. எனினும், தோட்டத் தமிழருக்கு அவ்வுரிமை தடையின்றிக் கிட்டவில்லை. இந்நாட்டை நிலையான இருப்பிடமாகக் கொண்டவர் என்பதை அவர்கள் நிலைநாட்ட வேண்டும். அன்றேல் அதற்குரிய சான்றிதழைக் காட்ட வேண்டும். இத்தடைகளைக் கடந்தும் 1931இல் அட்டனிலிருந்து பெரி. சுந்தரமும், தலவாக்கலையிலிருந்து எஸ். பி. வைத்திலிங்கமும் அரசாங்க சபைக்குச் சென்றனர். 1936இல் கோ. நடேசய்யர் அட்டன் தொகுதியின் பிரதிநிதியானார்.

பின்னர் வந்தது சோல்பரி அரசியல் திட்டம். 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் பிரதிநிதிகள் சபைக்குத் தெரிவு செய்யப்பட வேண்டியோர் 95 பேர், தொகுதிகளோ 89. இவ்வேறுபாட்டிலேதான் நம் கதை தொடங்குகின்றது. கொழும்பு மத்தி மூன்று அங்கத்தவரையும், அம்பலாங்கொடை–பலப்பிட்டி, கடுகண்ணாவை, பலாங்கொடை, பதுளை ஆகிய நான்கும் இவ்விரண்டு அங்கத்தவரையும் அனுப்பும் தொகுதிகளாக வகுக்கப்பட்டன. ஏனைய 84 தொகுதிகளுக்கும் ஒவ்வோர் அங்கத்தவரே. பல்வேறு மக்கள் கலந்து வாழும் இடங்களில், தொகையிற் குறைந்தவருடைய குரலும் சபையிற் கேட்க வேண்டும் என்னும் நோக்கத்துக்கு இம்முறை ஏற்றதாயிருந்தது. இரட்டை அங்கத்தவர் தொகுதியில் வாக்காளர் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்கு. முதலிடம் பெற்றவரும் செல்வார்; இரண்டாமிடம் பெற்றவரும் செல்வார்.

பதுளைக்கு இம்முறை எத்துணைப் பொருந்திற்று என்பதை அதன் நிலத்தைக் கண்டவர் உணர்வர். நமுனுகுல மலையின் அடிவாரத்தில் அமைந்த நகரம் இது. மேலே தேயிலை, கீழே வயல். மேலே லயம், கீழே சிங்களக் கிராமம். இடையே எல்லா இனத்தவரும் கூடி வாணிகம் செய்யும் கடைவீதி. தலவாக்கலை, கொட்டகலை, மஸ்கெலியா போன்ற இடங்களில் தோட்டத் தமிழர் செறிந்து வாழ்ந்தமையால் ஒற்றை ஆசனமே அவர்க்குப் போதுமாயிற்று. பதுளையிலோ அவ்வாறன்று. இங்கு ஒரே ஆசனம் இருந்திருப்பின், ஒரு சாரார் வெற்றி மற்றொரு சாரார் மௌனமாக முடிந்திருக்கும்.

1947இல் பதுளை மக்கள் இருவரைத் தெரிந்தனுப்பினர். ஒருவர் லங்கா சமசமாஜக் கட்சியைச் சார்ந்த ஜே. சி. டி. கொத்தலாவலை, பின்னாளில் பிரதமரான சேர் ஜோன் கொத்தலாவலையின் வேறானவர். மற்றவர் இலங்கை இந்தியக் காங்கிரசைச் சார்ந்த எஸ். எம். சுப்பையா. சிங்களவரான இடதுசாரி ஒருவரும், தோட்டத் தொழிலாளரின் தமிழ்ப் பிரதிநிதி ஒருவரும் ஒரே தொகுதியிலிருந்து ஒரே நாளிற் சபை புகுந்தனர். இந்நாட்டின் தேர்தல் வரலாற்றில் இவ்வாறான காட்சி அரிது. அத்தேர்தலில் நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமானும், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளையும், கொட்டகலையில் கே. குமாரவேலுவும், நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கமும், மஸ்கெலியாவில் ஜி. ஆர். மோத்தாவும் காங்கிரஸ் சார்பில் வென்றனர். இவையேயன்றி, வேறு பல தொகுதிகளிலும் தோட்டத்து வாக்கு இடதுசாரி வேட்பாளருக்குத் துணைநின்றது.

இதற்கு ஒப்பான நிகழ்ச்சியை உலக வரலாற்றிலும் காணலாம். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரம் அக்காலத்தில் இரண்டு அங்கத்தவரை அனுப்பும் தொகுதி. 1906இல் அந்நகர மக்கள் லிபரல் கட்சியின் ஹென்றி புரோட்ஹர்ஸ்டையும், தொழிற்கட்சியின் ராம்சே மக்டொனால்டையும் ஒருங்கே தெரிந்தெடுத்தனர். அதற்கு முன்னரே, 1900இல், வேல்ஸ் நாட்டு மெர்தர் டிட்வில் என்னும் சுரங்கத் தொழிலாளர் தொகுதியின் இரு ஆசனங்களுள் ஒன்றிற் கீர் ஹார்டி அமர்ந்திருந்தார். தனித்து நின்று முதலிடம் பெறும் வலிமை அன்றைய தொழிற்கட்சிக்கு இல்லை. இரண்டாம் ஆசனம் என்னும் சிறிய வாயிலின் வழியாகவே அது பல நகரங்களிற் பாராளுமன்றத்துட் புகுந்தது. அவ்வாறு புகுந்த மக்டொனால்டு 1924இல் பிரதமரானார். 1950ஆம் ஆண்டுத் தேர்தலோடு பிரித்தானியாவில் இரட்டை அங்கத்தவர் தொகுதிகள் ஒழிந்தன. ஆயினும், அதற்குள் அவை தம் கடமையைச் செய்து முடித்திருந்தன. பதுளையின் இரண்டாம் ஆசனத்துக்கோ அவ்வவகாசம் கிடைக்கவில்லை.

தலை இருந்தது, வாக்கு இல்லை

சுதந்திரம் வந்த அதே ஆண்டில், 1948இல், 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. அச்சட்டம் நடைமுறைக்கு வந்த நவம்பர் 15ஆம் நாளுக்கு முன் இந்நாட்டிற் பிறந்தவன் பிரஜையாக வேண்டுமாயின், அவன் தந்தை இங்குப் பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் பாட்டனும் முப்பாட்டனும் இங்குப் பிறந்திருத்தல் வேண்டும். தோட்டத்துப் பிள்ளை தன் பாட்டனின் பிறப்புக்குச் சான்று எங்கே தேடுவான்? செக்றோலிற் பேருண்டு, கங்காணியின் கணக்கிற் கடனுண்டு, பிறப்புச் சான்றிதழ் இல்லை. பேர் இருந்தாலும் அது எழுதுவோன் செவிக்கு எட்டியவாறு எழுதிய பேராயிருக்கும். தந்தையின் பெயர் ஓரிடத்தில் ஒருவிதமாகவும் பிறிதோரிடத்தில் வேறுவிதமாகவும் கிடக்கும். ஓர் எழுத்துப் பிழையால் ஒரு குடும்பமே நாடிழக்கக்கூடும் என்பதை மொழியாசிரியராகிய நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். எழுத்துப் பிழையைத் திருத்துதல் இலக்கண விநோதமன்று. சில வேளைகளில் அஃது உயிர்ப் பிரச்சினை.

அடுத்து, 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வாசிகள் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. மணமானவர் ஏழாண்டும், மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது இந்நாட்டில் வசித்தமையை நிலைநாட்டி விண்ணப்பிக்கலாம் என்றது அச்சட்டம். அதே ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டமோ, பிரஜையல்லாதார் பெயர் வாக்காளர் இடாப்பில் இடம்பெறாது என விதித்தது. விண்ணப்பம் ஆராயப்பட்டுக் கொண்டிருக்கும். பெயர் மட்டும் இடாப்பிலிருந்து முன்னரே நீங்கிவிடும்.

1952ஆம் ஆண்டுத் தேர்தலில் இதன் விளைவை நாடு கண்டது. 1947இல் ஏறத்தாழ 19,000 வாக்காளரைக் கொண்டிருந்த தலவாக்கலைத் தொகுதியில், 1952இல் எஞ்சியவர் 3,000 பேருக்கும் குறைவு. அத்தொகுதியின் முன்னாட் பிரதிநிதியான சி. வி. வேலுப்பிள்ளை கவிஞர், தேயிலைத் தோட்ட மக்களின் துயரைப் பாடியவர். சபையில் அவர் குரல் அடைபட்டது, எழுத்தில் அடைபடவில்லை. இலங்கை இந்தியக் காங்கிரஸ் அவ்வாண்டு சத்தியாக்கிரகம் நடத்தியது. கேகாலைப் பகுதியிலுள்ள ருவன்வெல்லைத் தொகுதியின் இடாப்புத் தொடர்பாக எழுந்த கோடகன்பிள்ளை வழக்கு, இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்றது. சிறுபான்மையினருக்குக் காப்பு எனக் கருதப்பட்ட அரசியல் திட்டத்தின் 29ஆம் பிரிவு இங்குத் துணைவரும் என்று மக்கள் நம்பியிருந்தனர். 1953இல் கோமறைக் கழகம் அச்சட்டங்கள் செல்லுபடியானவை எனத் தீர்ப்பளித்தது.

பதுளையில் இரண்டாம் ஆசனம் 1952இலும் 1956இலும் இருந்தது. ஆனால் அவ்வாசனத்தை எவர் பொருட்டு வகுத்தனரோ, அவர் கையில் வாக்குச் சீட்டு இல்லை. பந்தியும் இருந்தது, இலையும் இருந்தது. உண்ண வேண்டியவனை வாயிலில் நிறுத்திவிட்டனர். 1959ஆம் ஆண்டுத் தொகுதி நிர்ணயத்தில் அவ்விலையும் எடுக்கப்பட்டது. 1960 முதற் பதுளை ஒற்றை அங்கத்தவர் தொகுதியாயிற்று.

இங்கே கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. சோல்பரித் திட்டத்தின்படி ஒவ்வொரு மாகாணத்துக்கும் 75,000 மக்களுக்கு ஓர் ஆசனமும், 1,000 சதுர மைலுக்கு ஓர் ஆசனமும் ஒதுக்கப்பட்டன. மக்கள் என்பதில் தோட்டத் தமிழரும் அடங்குவர். 1946இல் அவர்களை எண்ணியே மலைநாட்டுக்கு ஆசனங்கள் வகுக்கப்பட்டன. 1952இல் அவ்வாசனங்கள் அப்படியே இருக்க, அவர்கள் வாக்கு மட்டும் மறைந்தது. 1959இலும் நாடற்றவரின் தலைகள் எண்ணிக்கையிற் சேர்ந்தன; அவர்தம் கைகள் சேரவில்லை. பிரித்தானியாவில் 1832ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்கு முன், பழைய சாரம் என்னும் பாழூர் குடிகள் இன்றியே இரண்டு அங்கத்தவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பி வந்தது. அங்குக் குடியில்லா ஊருக்குப் பிரதிநிதி; இங்கு ஊர் நிறைந்த குடிக்குப் பிரதிநிதி இல்லை. அந்த அநீதியைப் பள்ளி நூல்கள் பேசும். இந்த அநீதியையும் பேச வேண்டும்.

1964 அக்டோபர் 30ஆம் நாள் எழுதப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றவராய் நின்ற 9,75,000 பேரைக் கூறுபோட்டது. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, எஞ்சிய 1,50,000 பேர் பற்றிப் பின்னர் முடிவு செய்வதாயிற்று. 1974இல் அவர்களையும் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டன. அண்ணன் ஒரு கணக்கில், தம்பி மறு கணக்கில். மலைநாட்டுப் புகையிரதம் தலைமன்னார்க் கப்பலை நோக்கி எத்தனை குடும்பங்களைக் கொண்டுபோயிற்று என்பதை ஊவாவின் முதியோர் இன்றும் நெஞ்சிற் சுமக்கின்றனர். போனவர்க்கும் அன்று இங்கு வாக்கில்லை, நின்றவர்க்கும் வாக்கில்லை. அவர்தம் வாழ்வு பற்றிய ஒப்பந்தத்தில் அவர்களைக் கேட்டவரும் இல்லை.

மீண்டும் திறந்த வாயில்

தோட்டத் தமிழர் தம் வாக்கின் வலிமையால் மீண்டும் ஒருவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது 1977இல். நுவரெலியா–மஸ்கெலியா என்னும் மூன்று அங்கத்தவர் தொகுதியில் மூன்றாமவராகத் தொண்டமான் தெரிவானார். இடைப்பட்ட காலம் முப்பதாண்டு. அம்முறையும் வாயிலைத் திறந்தது பல அங்கத்தவர் தொகுதியே என்பதை வாசகர் மறத்தலாகாது. 1947இற் பதுளைக்கு இரண்டாம் ஆசனம் செய்த உதவியை, 1977இல் நுவரெலியாவுக்கு மூன்றாம் ஆசனம் செய்தது.

அதன்பின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு விகிதாசார முறையைக் கொணர்ந்தது. 1989இல் அம்முறையிற் பொதுத்தேர்தல் நிகழ்ந்தது. பழைய பதுளைத் தொகுதி மறைந்து, பதுளை மாவட்டத்தின் ஒன்பது வாக்கெடுப்புப் பிரிவுகளுள் ஒன்றாய்ப் பெயரளவில் நின்றது. 1988ஆம் ஆண்டுச் சட்டமும், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் நாடற்ற நிலையைப் படிப்படியாக நீக்கின. வாக்கு மீண்டது, அதன் பயனும் தெரிந்தது. 2015இலும் 2020இலும் வடிவேல் சுரேஷ், அ. அரவிந்தகுமார் ஆகிய இருவர் பதுளை மாவட்டத்திலிருந்து சென்றனர். 2024இல் கிட்ணன் செல்வராஜ், அம்பிகா சாமுவேல் ஆகிய இருவர் சென்றனர். கட்சி மாறிற்று, காலம் மாறிற்று. தமிழ்ப் பிரதிநிதித்துவம் நிலைத்தது. தோட்டத்துப் பெண்களின் உழைப்பால் வாழும் இம்மாவட்டத்திலிருந்து தமிழ்ப் பெண்ணொருவர் சபை புகுந்ததைத் தனியே போற்றுதல் தகும்.

ஆயின் இப்பழங்கதை இன்று எதற்கு என்று சிலர் வினவலாம். தொகுதி முறைக்கு மீள வேண்டும் என்னும் குரல் நாட்டில் ஓயாது எழுகின்றது. விருப்பு வாக்குப் போட்டியின் கேட்டைக் கண்டு சலித்தோர் அவ்வாறு கூறுவதில் நியாயம் உண்டு. தன் ஊருக்கெனப் பொறுப்புடைய ஒரு பிரதிநிதியை மக்கள் வேண்டுவது பிழையன்று. மாகாண சபைகளுக்குக் கலப்பு முறையை 2017ஆம் ஆண்டுத் திருத்தம் கொணர்ந்தது. அதன்படி அமைந்த எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றம் 2018இல் நிராகரித்தது. ஊவா மாகாண சபைக்கு 2014 செப்டெம்பரில் தேர்தல் நடந்தது. அச்சபையின் காலம் 2019இல் முடிந்தது. அதன்பின் ஆண்டுகள் பல வாளா கழிந்தன. என்றேனும் ஒருநாள் எல்லைக்கோடு வரைவோர் மீண்டும் வரைபடத்தை விரிப்பர். அன்று பதுளையில் ஒற்றை அங்கத்தவர் தொகுதிகளை மட்டும் வகுப்பாராயின், கிராமங்களுக்கு இடையே சிதறிக் கிடக்கும் தோட்டத்து வாக்கு ஒவ்வொன்றிலும் சிறுபான்மையாய் அமிழ்ந்துவிடும். பசறை, லுணுகலை, மடுல்சீமை, அப்புத்தளை, தெமோதரை, அலி எலை எனப் பரந்து கிடக்கும் மக்களுக்குத் தனித்தனியே எங்கும் வலிமை இராது. பிரஜாவுரிமைச் சட்டம் செய்த வேலையை எல்லைக்கோடு ஓசையின்றிச் செய்து முடிக்கும்.

ஆகவே நாம் வேண்டுவது இது: தொகுதி முறை எவ்வடிவில் மீண்டாலும், ஊவாவில் இரட்டை அங்கத்தவர் தொகுதிகள் இடம்பெறுதல் வேண்டும். இது புதுமையான கோரிக்கையன்று. 2018, 2025 ஆகிய ஆண்டுகளின் உள்ளூராட்சித் தேர்தல்களிலும் பல அங்கத்தவர் வட்டாரங்கள் இருந்தன. வட்டாரத்துக்குப் பொருந்துவது தொகுதிக்கும் பொருந்தும்.

இம்முறை இனவாரிப் பிரதிநிதித்துவத்தை மீளக் கொணருமே என்று அஞ்சுவோரும் உளர். டொனமூர் ஆணைக்குழு இனவாரி ஆசனங்களை ஒழித்தமை நன்றே. ஆனால் இரட்டை அங்கத்தவர் தொகுதி இனவாரி ஆசனமாகாது. அதில் இன்ன ஆசனம் இன்னாருக்கு என்று எழுதி வைப்பதில்லை. எவரும் போட்டியிடலாம், எவரும் எவருக்கும் வாக்களிக்கலாம். இரண்டு வாக்குடையவன் ஒன்றைத் தன்னவனுக்கும் மற்றொன்றை அயலவனுக்கும் அளிக்க இயலும். ஒற்றை வாக்கு ஒருவனைத் தேர்ந்து மற்றவனைத் தள்ளச் சொல்கின்றது. இரட்டை வாக்கு அயலானையும் எண்ணிப் பார்க்க இடந்தருகின்றது. 1947இற் கொத்தலாவலையும் சுப்பையாவும் ஒரே ஊரின் பிரதிநிதிகளாய் அமர்ந்தது, இவ்வியலுமையைப் பதுளை மக்கள் செயலிற் காட்டிய சான்று.

ஆசிரியர்க்கும் இலக்கிய வட்டத்தார்க்கும் இதில் ஒரு கடமை உண்டு. மலையக இலக்கியம் லயத்தையும் பனியையும் அட்டையையும் பாடியது போதாது. வாக்கையும் பாட வேண்டும். தம் பாட்டன்மாரிடமும் பாட்டிமாரிடமும், 1952இல் பெயர் நீங்கிய வீட்டின் கதையையும், பின்னர் முதல்முதலாக வாக்களித்த நாளின் கதையையும் மாணவர் கேட்டு எழுதட்டும். கேட்கத் தக்க முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். பதினெட்டு வயது நிரம்பிய மாணவன் தன் பெயர் வாக்காளர் இடாப்பில் உள்ளதா, எழுத்துப் பிழையின்றி உள்ளதா என்று நோக்குவது, தேர்வுக்கு விண்ணப்பம் எழுதுவதினும் முதன்மையான எழுத்துப் பணியாகும். எல்லை நிர்ணயம் பற்றிக் கருத்துக் கேட்கப்படும் நாளில், ஊவாவின் பாடசாலைகளிலிருந்தும் வாசகசாலைகளிலிருந்தும் தெளிந்த தமிழில் எழுதிய மனுக்கள் செல்லுதல் வேண்டும். அம்மனுக்களின் முதல் வரியில், பதுளைக்கு ஒருகால் இரண்டு ஆசனம் இருந்தது என்னும் செய்தி நிற்கட்டும்.